சமையற்கட்டும் மருந்தகமும்: துருக்கிய உணவு குறித்த எழுத்துகள் பற்றி ஒரு மதிப்பீடு

துருக்கிய உணவைப் பற்றி அண்மைக் காலங்களில் வெளிவரும் கட்டுரைகளும் நூல்களும் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் அமைந்திருக்கின்றன. முதலில் இஸ்தான்புல் நகரின் மினாராக்களும் போஸ்ஃபரஸ் நீரிணையும் வருணிக்கப்படும். அடுத்துக் கபாபும் பக்லாவாவும் வரும். பின்னர் கட்டுரை மருந்துக்கடையாக மாறிவிடும். தயிர் குடலுக்கு நல்லது, ஜைத்தூன் எண்ணெய் இதயத்தைக் காக்கும், மாதுளை இரத்தத்தைப் பெருக்கும், அத்தி மூட்டுவலியைத் தீர்க்கும், சுமாக் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் என்று பொருளுக்கொரு நோயும் நோய்க்கொரு பொருளுமாகப் பட்டியல் நீளும். அவற்றுள் சில திருக்குர்ஆனில் பெயர் சுட்டப்பெற்றவை என்பதால் பட்டியலுக்கு ஒரு புனிதமும் கூடிவிடுகிறது. ஒரு நாட்டின் உணவை அறிந்துகொண்டோம் என்னும் நிறைவோடு வாசகரும் ஏட்டை மூடிவைக்கிறார்.

இவ்வெழுத்துகளில் காணும் தகவற் பிழைகள் எளிதில் திருத்தத்தக்கவை. இங்கு எழுப்ப விரும்பும் வினா அதனினும் அடிப்படையானது. சமையற்கட்டை மருந்தகமாகக் காட்டும் இப்பார்வை உஸ்மானிய மரபிலிருந்து வந்ததுதானா? அம்மரபின் மருத்துவர்களும் சமையல் வல்லுநர்களும் உணவையும் உடல்நலத்தையும் எவ்வாறு இணைத்துக் கண்டனர்? நலம் தரும் என்று பட்டியலிடப்படும் பொருள்கள் யாவும் தட்டுப்பாடின்றிக் கிடைக்கும் இன்றைய துருக்கியில் மக்களின் உடல்நிலை எவ்வாறிருக்கிறது? இவற்றுக்கு விடை தேடினால், நலம் பொருளில் உறைகிறதா, உண்ணும் ஒழுங்கில் உறைகிறதா என்பது விளங்கும்.

பல அடுக்குகள் கொண்ட தட்டு

துருக்கிய உணவு என்று நாம் ஒருமையில் வழங்குவது பல காலங்களும் பல இனங்களும் சேர்ந்து ஆக்கியது. அதன் அடியடுக்கு மத்திய ஆசியாவின் மேய்ச்சல் வாழ்வைச் சேர்ந்தது. 11ஆம் நூற்றாண்டில் மஹ்மூத் அல்-காஷ்கரி தொகுத்த துருக்கிய அகராதியாகிய திவானு லுகாத்தித் துர்க்கில் தயிரும், மோர் வகையான அய்ரானும், கோதுமை மாவைத் துண்டங்களாக்கிச் சமைக்கும் துத்மாச்சும் இடம்பெறுகின்றன. மேலைமொழிகள் தயிருக்கு வழங்கும் யோகர்ட் என்னும் பெயரே, பிசைதலையும் கெட்டிப்படுதலையும் குறிக்கும் துருக்கிய வினையடியிலிருந்து பிறந்ததாகும்.

இரண்டாம் அடுக்கு அப்பாஸியர் காலப் பக்தாதிலிருந்து வந்தது. முஹம்மத் அல்-பக்தாதி 1226இல் எழுதிய கிதாபுத் தபீஹ் என்னும் சமையல் நூலை 15ஆம் நூற்றாண்டில் முஹம்மத் ஷிர்வானி துருக்கியில் மொழிபெயர்த்தார். தம் காலத்து உணவு வகைகளையும் அதனுடன் சேர்த்தார். இந்த ஷிர்வானி ஒரு மருத்துவர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அனதோலியாவிலும் ஏஜியன் கடற்கரையிலும் நெடுங்காலமாக வாழ்ந்த கிரேக்கர், அர்மீனியர், குர்துகள், அரபியர் ஆகியோரின் கைப்பக்குவம் மூன்றாம் அடுக்காகும். ஸ்பெயினிலிருந்து 1492இல் வெளியேற்றப்பட்டு உஸ்மானிய நகரங்களில் அடைக்கலம் பெற்ற யூதர்களின் பங்கும் இதில் உண்டு.

நான்காம் அடுக்கு அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த தக்காளி, மிளகாய், மக்காச்சோளம் முதலியவற்றால் ஆனது. இவற்றுள் தக்காளி உஸ்மானியச் சமையலில் பரவலாகக் காலூன்றியது 19ஆம் நூற்றாண்டில்தான். ஆகவே 1566இல் மறைந்த சுல்தான் சுலைமானின் விருந்தில் தக்காளிச் சாறு ஊறிய கபாப் பரிமாறப்பட்டதாக எழுதுவோர் வரலாற்றை எழுதவில்லை. இன்றைய உணவகத்தின் பட்டியலைப் பின்னோக்கி நகர்த்துகின்றனர். இன்று துருக்கியின் அடையாளமாகக் கருதப்படும் தேநீரும் குடியரசுக் காலத்தில் கருங்கடற் கரையின் ரிஸே மலைச்சரிவுகளில் வேரூன்றிய பயிரே.

இப்பகிர்வு இன்றும் பூசலுக்கு இடமாகிறது. லவாஷ் என்னும் மெல்லிய ரொட்டியை அர்மீனியாவின் மரபாக யுனெஸ்கோ 2014இல் பட்டியலிட்டது. இரண்டாண்டுகளுக்குப் பின், அதே ரொட்டிக் குடும்பத்தை அஜர்பைஜான், ஈரான், கஸக்ஸ்தான், கிர்கிஸ்தான், துருக்கி ஆகிய ஐந்து நாடுகளின் பொதுமரபாகவும் பட்டியலிட்டது. உணவுக்குக் கடவுச்சீட்டு வழங்குவது எத்துணை அரிது என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு. ஸ்டெஃபானோஸ் யெரஸிமோஸ், மரியானா யெரஸிமோஸ் ஆகிய இருவரின் நூல்களும் 2002இல் வெளிவந்தன. உஸ்மானிய உணவை ஓர் இனத்தின் தனிச்சொத்தாகக் கொள்ளாமல் ஆவணங்களின் வழி அணுகியதே அவற்றின் சிறப்பு. எமினே எர்தோவான் அவர்களின் முன்முயற்சியில் 2021இல் வெளியிடப்பட்ட துருக்கிய உணவு நூல் வேறு நோக்கம் கொண்டது. நூற்றாண்டுகள் பழைய தேசிய மரபு, உடல்நலத்திற்கு உகந்தது, வீணாக்காதது என்று உலகின்முன் நிறுத்துவதே அதன் கருத்து. ஒரு நாடு தன் உணவைப் பெருமையோடு அறிமுகப்படுத்துவதில் பிழையில்லை. ஆயினும் பெருமைக்காக எழுதப்படுவதை ஆய்வாகவும் மருத்துவமாகவும் எடுத்துக்கொண்டு மறுபதிப்புச் செய்வது வாசகருக்கு உதவுவதன்று.

மருத்துவர்கள் வகுத்த எல்லை

உஸ்மானிய அரண்மனையில் சமையலும் மருத்துவமும் அண்டை வீட்டாராக வாழ்ந்தன என்பது உண்மை. 1574இல் தீக்கிரையான தோப்காபி அரண்மனைச் சமையற்கூடத்தை மீண்டும் எழுப்பியவர் மாமேதை சினான். அவர் அமைத்த உயர்ந்த புகைபோக்கிகளை மர்மராக் கடலில் வரும் கப்பல்களிலிருந்து இன்றும் காணலாம். அச்சமையற்கூடத்தின் ஒரு பகுதியாகிய ஹெல்வஹானேயில் இனிப்புகளோடு சர்பத்துகளும் மாஜூன் என்னும் மருந்து லேகியங்களும் தயாரிக்கப்பட்டன.

மனிஸா நகரின் மெஸிர் மாஜூன் இம்மரபின் புகழ்பெற்ற சின்னம். சுல்தான் சுலைமானின் அன்னை ஹஃப்ஸா சுல்தான் நோயுற்றபோது, மெர்கெஸ் எஃபெந்தி 41 பொருள்களைக் கூட்டி அதனைச் செய்ததாக மரபு கூறும். நவ்ரூஸை ஒட்டிய நாள்களில் பள்ளிவாசலின் உயரத்திலிருந்து அது மக்களுக்கு வீசி வழங்கப்பட்டது. இவ்விழாவை யுனெஸ்கோ 2012இல் தன் பட்டியலில் சேர்த்தது.

எனினும் அண்டை வீடுகளுக்கு நடுவில் ஒரு சுவர் இருந்தது. மெஸிர், ஆண்டுக்கொருமுறை சிறு உருண்டையாக உட்கொள்ளப்பட்டது. அன்றாடச் சோற்றுக்கு மாற்றாக எவரும் அதனைக் கொள்ளவில்லை. இந்த எல்லைக்குக் கோட்பாட்டு அடிப்படை தந்தவர்களுள் இப்னு சீனா தலையாயவர். உஸ்மானிய மருத்துவக் கல்விக்கு அடித்தளமாக விளங்கிய அவருடைய அல்-கானூன், யூனானி மருத்துவத்தின் பழைய மரபை ஒட்டி உணவையும் மருந்தையும் பிரித்துக் காட்டுகிறது. உடல் எதைத் தனக்கேற்ப மாற்றித் தன்மயமாக்கிக் கொள்கிறதோ அது உணவு. எது உடலைத் தனக்கேற்ப மாற்றுகிறதோ அது மருந்து. இரண்டிற்கும் இடைப்பட்டு மருந்துத்தன்மை கொண்ட உணவு என ஒரு வகையும் உண்டு. அதனை உண்பதற்கு உண்பவரின் மிஸாஜ் எனப்படும் உடல்வாகு, அகவை, பருவம், அளவு ஆகிய அனைத்தும் கருதப்பட வேண்டும்.

மேலும், நலவாழ்வுக்கு இன்றியமையாதவை ஆறு என்று அம்மருத்துவர்கள் எண்ணினர். காற்று, உணவும் நீரும், உடலின் அசைவும் ஓய்வும், உறக்கமும் விழிப்பும், கழிவுகள் வெளியேறுதலும் தங்குதலும், மனநிலை என்பன அவை. 11ஆம் நூற்றாண்டில் பக்தாதைச் சேர்ந்த இப்னு புத்லான் எழுதிய தக்வீமுஸ் ஸிஹ்ஹா இவ்வாறினையும் சூழ்ந்தே அமைந்தது. யூனானி ஹகீம்கள் அஸ்பாபே சித்தா என்று வழங்குவதும் இவற்றையே. இவ்வாறில் உணவு ஒன்று. அவ்வொன்றில் மாதுளை ஒரு சிறுகூறு. நம் காலத்து எழுத்தோ ஐந்தை விட்டுவிட்டு ஆறாவதின் ஒரு துளியை மட்டும் எடுத்து அதுவே நலம் என்கிறது.

இதற்கு அச்சு நூல்களிலும் சான்றுண்டு. உஸ்மானியத் துருக்கியில் முதன்முதலாக அச்சேறிய சமையல் நூல் 1844இல் வெளிவந்த மெல்ஜவுத் தப்பாஹீன். சமையற்காரர்களின் புகலிடம் என்பது அதன் பொருள். அதன் ஆசிரியர் மெஹ்மெத் காமில், மருத்துவக் கல்லூரி ஆசிரியர். நோய்களின் பெயரால் அதிகாரம் வகுக்க எல்லாத் தகுதியும் பெற்றிருந்த அவர், சூப்பு, கபாப், பிலாவ், தோல்மா என உணவு வகைகளின் பெயராலேயே நூலை வகுத்தார். உணவு வரலாற்றை 20ஆம் நூற்றாண்டில் ஆவணங்களைக் கொண்டு எழுதிய சுஹைல் உன்வரும் மருத்துவரே. சுல்தான் ஃபாத்திஹ் காலத்து உணவுகளைப் பற்றிய அவரது நூல் 1952இல் வெளிவந்தது.

பொருள்களும் சான்றுகளும்

அப்படியானால் இப்பொருள்களுக்கு நற்குணமே இல்லையா எனக் கேட்கலாம். உண்டு, ஆயின் அதனைச் சான்றின் அளவுக்கே சொல்ல வேண்டும்.

தயிரை எடுத்துக்கொள்வோம். பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்கள் பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையின் ஒரு பகுதியைச் செரித்துவிடுகின்றன. எனவே பால் ஒவ்வாதவர் பலர்க்குத் தயிர் ஒத்துக்கொள்கிறது. புரதமும் சுண்ணச்சத்தும் அதில் நிறைந்துள்ளன. தயிர் ஆயுளை நீட்டிக்கும் என்னும் கருத்தை உலகெங்கும் பரப்பியவரோ சுல்தான்களின் மருத்துவர் அல்லர். பாரிஸில் பணியாற்றிய ருஷ்ய அறிவியலாளர் மெச்னிகாஃப். பல்கேரிய மருத்துவர் கிரிகோரோவ் 1905இல் தயிரின் நுண்ணுயிரை அறிவித்த பின்னர், சில ஆண்டுகளிலேயே மெச்னிகாஃபின் கருத்து புகழ்பெற்றது. பண்டைய துருக்கிய ஞானம் என்று நமக்குச் சொல்லப்படுவதன் பெரும்பகுதி இவ்வாறு 20ஆம் நூற்றாண்டின் ஐரோப்பாவில் உருவானதாகும். 2024 மார்ச்சில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், தயிரை வாரந்தோறும் உண்பது இரண்டாம் வகை நீரிழிவின் அபாயத்தைக் குறைக்கக்கூடும் என விளம்பரம் செய்ய இசைவளித்தது. சான்று குறைந்த அளவினதே என்பதையும் உடன் குறிப்பிட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. நம் கட்டுரைகள் முன்பகுதியை எடுத்துக்கொண்டு நிபந்தனையை விட்டுவிடுகின்றன.

புல்குர் என்பது வேகவைத்து உலர்த்தி உடைத்த கோதுமை. நார்ச்சத்து மிக்க அது, வெள்ளை ரொட்டியைவிட மெதுவாக இரத்தச் சர்க்கரையை உயர்த்தும். மைசூர்ப் பருப்பு, கொண்டைக்கடலை முதலியவற்றோடு சேர்த்துச் சமைக்கும்போது ஏழையின் தட்டிலும் புரதம் நிறைகிறது. இது மெச்சத்தக்க உணவு என்பதில் ஐயமில்லை. எனினும் இதனைப் புகழ்வோர் அரிது. விலை மலிந்த தானியத்திற்கு விளம்பரம் செய்வார் இல்லை.

ஜைத்தூன் எண்ணெய்க்கே வலுவான சான்று இருக்கிறது. ஸ்பெயினில் 7,447 பேரிடம் நடத்தப்பட்ட பிரெடிமெட் ஆய்வின் முடிவு 2013இல் வெளிவந்தது. பங்கேற்பாளரைப் பிரித்த முறையில் குறைகள் கண்டறியப்பட்டதால் திரும்பப் பெறப்பட்டு, 2018இல் திருத்தத்துடன் மீண்டும் வெளியிடப்பட்டது. மத்தியதரைக்கடல் உணவுமுறையைச் சுத்தமான ஜைத்தூன் எண்ணெயுடனோ கொட்டைப் பருப்புகளுடனோ மேற்கொண்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் முதலிய இதய, இரத்தநாள நோய்கள் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தமையைத் திருத்திய வடிவமும் காட்டியது. ஆயினும் அங்குச் சோதிக்கப்பட்டது காய்கறி, பருப்பு, மீன், பழம் அடங்கிய முழு உணவுமுறை. பொரித்த இறைச்சியோடு ஒரு தேக்கரண்டி எண்ணெயை விழுங்குவதன் பயனை அவ்வாய்வு சொல்லவில்லை.

சுமாக், மாதுளை போன்றவற்றைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சிறு குழுக்களிடம் குறுகிய காலம் நடந்தவை. அவை ஆய்வாளரை மேலும் ஆராயத் தூண்டலாம்; நோயாளியை மாத்திரையை நிறுத்தத் தூண்டலாகாது. இமாம் பயல்தி, அதாவது இமாம் மயங்கி விழுந்தார் என்னும் பெயருடைய கத்தரிக்காய் உணவு ஒன்றுண்டு. அதன் சுவையில் அவர் மயங்கினார் என்பர் சிலர். அதற்குச் செலவான எண்ணெயின் அளவைக் கேட்டு மயங்கினார் என்பர் வேறு சிலர். எண்ணெயை நீர்போல் உறிஞ்சும் கத்தரிக்காயின் இயல்பை அறிந்தவர் இரண்டாம் விளக்கத்தை எளிதில் தள்ளிவிட மாட்டார். நல்ல எண்ணெயும் எண்ணெய்தான். அளவே அதன் குணத்தை முடிவு செய்கிறது.

தட்டு மாறியதும் உடல் மாறியதும்

பொருளே நலம் தருமாயின், துருக்கியர் உலகிலேயே நோயற்றவர்களாக இருத்தல் வேண்டும். புள்ளிவிவரங்கள் வேறு கதை கூறுகின்றன. 20 வயதும் அதற்கு மேலும் ஆனோரிடம் நடத்தப்பட்ட நாடு தழுவிய ஆய்வில் 1997-98இல் 7.2 விழுக்காடாக இருந்த நீரிழிவு, 2010இல் 16.5 விழுக்காடாக உயர்ந்திருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய மண்டலம் குறித்த 2022ஆம் ஆண்டு அறிக்கையில், வயது வந்தோரிடையே உடற்பருமன் மிகுந்த நாடாகத் துருக்கியே காட்டப்பட்டது. ஏறத்தாழ மூவருள் ஒருவர் அந்நிலையில் இருந்தனர். உப்பின் அளவு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் பரிந்துரை. துருக்கியரோ 2008இல் சராசரியாக 18 கிராமும் 2012இல் 15 கிராமும் உட்கொண்டனர்.

இக்காலத்தில் துருக்கியில் தயிர் வற்றிவிடவில்லை. ஜைத்தூன் தோப்புகள் அழிந்துவிடவில்லை. மாதுளை விளைச்சலும் நின்றுவிடவில்லை. மாறியது ஒழுங்கு. உஸ்மானியக் காலத்தில் நாளுக்கு இருவேளை உணவே பெருவழக்கு. முற்பகலில் ஒன்று, மாலையில் ஒன்று. வட்டத்தட்டைச் சூழ்ந்து அமர்ந்து பொதுக்கலத்திலிருந்து உண்டனர். சர்க்கரை விலை மிக்கது. ஆதலின் பக்லாவா பெருநாளுக்கும் விருந்துக்கும் உரியதாயிற்று. ரமளானின் 15ஆம் நாள் அரண்மனையிலிருந்து ஜானிஸரி வீரர்களுக்குப் பக்லாவாத் தட்டுகள் ஊர்வலமாகச் சென்றது வரலாற்றில் இடம்பெறும் அளவுக்கு அஃதோர் அரிய நிகழ்ச்சி. எளியோர்க்கு இனிப்பு என்பது திராட்சைச் சாற்றைக் காய்ச்சிய பெக்மெஸ்.

1926இல் அல்புல்லுவிலும் உஷாக்கிலும் குடியரசின் முதல் சர்க்கரை ஆலைகள் தொடங்கின. காலப்போக்கில் சர்க்கரை அன்றாடப் பொருளாயிற்று. தனிநபர்க் கணக்கில் உலகிலேயே மிகுதியாகத் தேநீர் அருந்தும் நாடுகளின் முன்வரிசையில் துருக்கி நிற்கிறது. ஒவ்வொரு சிறு கண்ணாடிக் குவளையுடனும் சர்க்கரைக் கட்டிகள் வந்து சேர்கின்றன. வயலில் உழைத்தவர் நகரத்தில் அமர்ந்து பணிபுரிபவரானார். விருந்துணவு அன்றாட உணவாகவும், அன்றாட உணவாகிய பருப்புச் சூப்பும் புல்குரும் ஏழ்மையின் அடையாளமாகவும் மாறின. நீரிழிவின் பெருக்கத்துக்கு இவையே முழுக்காரணம் என்று சொல்வது எளிமைப்படுத்துவதாகும். அகவை கூடிய மக்கள்தொகையும் பரம்பரையும் பிறவும் இருக்கின்றன. ஆயினும் நலம் தரும் பொருள்கள் அங்காடியில் குவிந்து கிடப்பதால் மட்டும் மக்கள் நலம் பெறுவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

சுன்னத்தும் சந்தையும்

இவ்விவாதம் நமக்குத் தொலைவானதன்று. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, இந்நாட்டில் நீரிழிவு உடையோர் ஏறத்தாழ 10 கோடிப் பேர் எனக் கணக்கிட்டது. இச்சூழலில் துருக்கிய அத்தியும், ஜைத்தூன் எண்ணெயும், கருஞ்சீரக எண்ணெயும் சுன்னத்தான மருந்து என்னும் முத்திரையோடு நம் கடைத்தெருக்களில் விற்கப்படுகின்றன. வாங்குபவர் உணவைத்தான் வாங்குகிறார் என்றால் ஏதம் இல்லை. இன்சுலினுக்கு மாற்றாக வாங்குகிறார் என்றால் அது உயிர் பற்றிய செய்தி.

கருஞ்சீரகத்தைப் பற்றிய நபிமொழி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்ற ஆதாரமுடையது. அதன் பொருளை நம் முன்னோரான அறிஞர்கள் எவ்வாறு கொண்டனர் என்பதே கருதத்தக்கது. இப்னு ஹஜர் அல்-அஸ்கலானி (ரஹ்) தம் ஃபத்ஹுல் பாரியில் எடுத்துக்காட்டும் அல்-கத்தாபியின் விளக்கப்படி, அங்குள்ளது பொதுச்சொல்லால் குறிக்கப்பட்ட சிறப்புப்பொருள். குளிர்ச்சியும் ஈரமும் மிகுவதால் தோன்றும் நோய்களையே அது சுட்டும். இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் இன்னும் ஒருபடி மேலே செல்கிறார். நபி (ஸல்) அவர்கள் மார்க்கத்தைக் கற்பிக்க அனுப்பப்பட்டார்கள். மருத்துவம் பற்றிய செய்திகள் அன்றைய அரபியரின் வழக்கத்தைச் சார்ந்தவை என்பது அவர் கருத்து. ஈமானோடு பரக்கத்தை நாடிப் பயன்படுத்துவோர்க்குக் கிட்டும் நன்மையையும் அவர் மறுக்கவில்லை.

இப்னுல் கய்யிம் (ரஹ்) இதற்கு மாறான நிலையினர். நபிவழி மருத்துவத்தை வஹியோடு சேர்த்துக் கண்டவர். உணவால் தீரும் பிணிக்கு மருந்தை நாடவேண்டா என்னும் மருத்துவர் கொள்கையையும் அவர் எடுத்துரைக்கிறார். உணவே மருந்து என்போர் அவரைத் துணைக்கு அழைப்பது இதனால்தான். ஆனால் அவரும் நோயாளியின் உடல்வாகு, காலம், அளவு ஆகியவற்றை வலியுறுத்தத் தவறவில்லை. புட்டியின்மேல் ஒட்டிய தாளைப் படித்து அனைவரும் ஒரே அளவில் அருந்துவது அவர் சொன்ன வழியும் அன்று. கருத்து மாறுபட்ட இவ்விரு பேரறிஞர்களும் ஒன்றுபடும் இடம் இதுவே. இருவருள் எவரை ஏற்பினும் இன்றைய விளம்பரத்துக்கு இடம் கிடைப்பதில்லை.

மறுபுறம், சந்தையில் விற்க முடியாத சுன்னத் ஒன்றிருக்கிறது. உண்ணுங்கள், பருகுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்னும் கருத்தில் அமைந்த திருவசனமும், வயிற்றை உணவுக்கும் நீருக்கும் மூச்சுக்கும் எனப் பகுத்துக்கொள்ளும் திர்மிதியின் நபிமொழியும் எந்தப் பொருளின் பெயரையும் சொல்லாமல் அளவைச் சொல்கின்றன. மிகுதியாக உண்போரைவிடக் குறைவாக உண்போரின் உடலும் அறிவும் செம்மையாக இருப்பதை இப்னு கல்தூன் முகத்திமாவில் தனியே ஒரு பகுதியில் எழுதியிருக்கிறார். உணவும் நலமும் குறித்த கட்டுரைகளில் இவ்வளவுக் கோட்பாடு அரிதாகவே இடம்பெறுகிறது. குறைவாக உண்ணுமாறு சொல்வதால் எவர்க்கும் வருவாய் இல்லை.

இமாரத்தின் அகப்பை

துருக்கிய உணவிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது எதுவெனின், அதனை அரண்மனைத் தட்டில் தேடுவதைவிட இமாரத்தின் அண்டாவில் தேடலாம். வக்ஃபு வருவாயில் நாள்தோறும் இலவச உணவளித்த அறச்சாலைகளே இமாரத்துகள். இஸ்தான்புல்லின் சுலைமானிய்யா வளாகத்தில் பள்ளிவாசல், மதரஸாக்கள், மருத்துவமனை, மருத்துவக் கல்விக்கூடம் ஆகியவற்றோடு இமாரத்தும் அருகருகே எழுந்தன. உணவும் மருத்துவமும் ஒரே வளாகத்தில் இருந்தும் தத்தம் கடமையைத் தனித்தனியே செய்தன.

ஹுர்ரம் சுல்தான் 1550களின் தொடக்கத்தில் ஜெரூசலத்தில் நிறுவிய இமாரத்தைப் பற்றி வரலாற்றாசிரியர் ஏமி சிங்கர் 2002இல் விரிவான நூலொன்று எழுதினார். பாலஸ்தீனத்துக் கிராமங்கள் பலவற்றின் வருவாய் அதற்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ 500 பேர்க்கு நாளுக்கு இருவேளை உணவு வழங்கப்பட்டது. காலையில் அரிசிச் சூப்பு, மாலையில் புல்குர் சூப்பு, உடன் ரொட்டி. வெள்ளிக்கிழமைகளிலும் ரமளானிலும் இறைச்சி கலந்த சோறும், குங்குமப்பூவும் தேனும் சேர்ந்த ஸெர்தே என்னும் இனிப்புச் சோறும். அலுவலர்க்கும் ஏழையர்க்கும் பங்கில் வேறுபாடு இருந்ததையும் ஆவணங்கள் மறைக்கவில்லை. அச்சாலையைக் குறையற்றதாகக் கொண்டாட வேண்டியதில்லை. எனினும் தானியமும் பருப்பும் அன்றாடம், இறைச்சியும் இனிப்பும் சிறப்பு நாளில் என்னும் அந்த ஒழுங்கும், பசித்தவர் உண்ட பின்னரே உணவு முழுமையுறும் என்னும் அந்த எண்ணமும் சேர்ந்ததே அம்மரபு நமக்குத் தரும் நலவாழ்வுக் கோட்பாடு.

முஹர்ரம் மாதத்தில் கோதுமை, பருப்பு வகைகள், உலர்பழங்கள் ஆகியவற்றைக் கூட்டிச் சமைத்து அண்டை அயலார்க்கெல்லாம் வழங்கும் அஷூரேயும் இதே ஒழுங்கின் பிள்ளை. அதிலுள்ள ஒவ்வொரு பொருளின் மருத்துவக் குணத்தையும் எழுதிவிடலாம். கிண்ணத்தை ஏந்திக்கொண்டு கதவைத் தட்டும் கையைப் பற்றி எழுதாவிட்டால் அஷூரேயைப் பற்றி எழுதியதாகாது. தமிழகத்துப் பள்ளிவாசல்களில் ரமளான் மாலைகளில் செல்வரும் வறியரும் ஒரே அண்டாவிலிருந்து பெறும் நோன்புக் கஞ்சியை அறிந்தவர்க்கு இது புதிய பாடமும் அன்று. அரிசியும் பருப்பும் வெந்தயமும் பூண்டும் சேர்ந்த அக்கஞ்சியை நாம் எந்த நோய்க்கும் மருந்தாகக் குடிப்பதில்லை. நாளெல்லாம் பசித்திருந்து, அளவாக, ஒன்றுகூடிக் குடிக்கிறோம்.

பிற முஸ்லிம் நாடுகளின் உணவை அறிமுகப்படுத்தும் எழுத்து நமக்குத் தேவை. அதனை எழுதுவோர் மூன்று செய்திகளைத் தவறாது சொல்லல் வேண்டும்: அவ்வுணவு எவரெவர் கைகளால் உருவாயிற்று என்பது, அதன் பொருள்களைப் பற்றி மருத்துவச் சான்று எவ்வளவு சொல்கிறது என்பது, அதனை எத்தனை முறை, எவ்வளவு, யாருடன் உண்டனர் என்பது. இம்மூன்றாவது செய்தி இல்லாத கட்டுரை, சர்க்கரை நோயுள்ள வாசகரின் கையில் பக்லாவாவைக் கொடுத்து அதிலுள்ள பிஸ்தாவின் நன்மையைப் பேசும் கட்டுரையாகவே முடியும்.